தீயை வலைக்குள் அடைத்தவர்!

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்ற சிற்றூர் இருக்கிறது. ராஜாஜி பிறந்த ஊர். அந்த வட்டாரத்துப் பெரியவர்களுக்குச் சுரங்கம் என்றதும் கோலார் தங்க வயல்தான் ஞாபகத்துக்கு வரும். எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனால் கோலார். பழைய சேலம், வடஆற்காடு ஜில்லாக்களில் இருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் பிழைப்புத் தேடி அங்கே போனார்கள். பூமிக்கு அடியில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கித் தங்கம் வெட்டினார்கள். 2001-ம் ஆண்டில் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன.

தங்கச் சுரங்கத்தில் ஆபத்துக்குக் குறைவில்லை. பாறை திடீரென்று வெடித்துச் சரியும். வெப்பம் ஆளை வாட்டும். பாறைத் தூள் நுரையீரலை அரிக்கும்.

நிலக்கரிச் சுரங்கத்திலோ இவை போக இன்னொரு எமன் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு வாசனை கிடையாது. கரிப் பாறையின் வெடிப்புகளில் இருந்து கசிந்து வந்து, சுரங்கத்தின் கூரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு சிறு தீப்பொறி பட்டால் போதும். சுரங்கமே இடிபோல் வெடிக்கும். அதுதான் மீத்தேன் வாயு.

இந்த எமனோடு போராட, கையில் தூக்கிச் செல்லும் ஒரு சிறு விளக்கைச் செய்து கொடுத்தவர் சர் ஹம்ப்ரி டேவி. கண்டுபிடித்ததற்காக அவர் ஒரு காசு கேட்கவில்லை.

மரச் சிற்பியின் மகன்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலோரமாக பென்சான்ஸ் என்ற ஊர் இருக்கிறது. 1778-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி டேவி அங்கே பிறந்தார். தகப்பனார் மரச் சிற்ப வேலை செய்பவர். ஐந்து குழந்தைகளில் ஹம்ப்ரிதான் மூத்தவன்.

அந்தப் பக்கம் முழுவதும் தகரச் சுரங்கங்களும் தாமிரச் சுரங்கங்களும் நிறைந்தது. ஆகவே, அழுக்குச் சட்டையோடு குழிக்குள் இறங்கி ஏறும் மனிதர்களைச் சிறு வயதிலேயே அவன் பார்த்திருக்கிறான்.

படிப்பில் அவன் புலி என்று சொல்ல முடியாது. தூண்டில் போடுவதும், கதை சொல்வதும், பாட்டுக் கட்டுவதும்தான் அவனுக்குப் பிடித்தவை. கூடப் படிக்கும் பையன்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்து வாய் திறந்து கதை கேட்பார்களாம்.

1794-ம் ஆண்டில் தகப்பனார் இறந்து போனார். குடும்பத்துக்கு மிஞ்சியது கடன். தாயார் கலங்கி உட்காரவில்லை. பெண்களுக்கான தொப்பிக் கடை ஒன்றை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஹம்ப்ரியை உள்ளூர் வைத்தியர் போர்லேஸ் என்பவரிடம் தொழில் கற்க விட்டார்கள்.

மருந்து அரைக்க வேண்டிய பையன், மருந்துப் புட்டிகளை வைத்துக்கொண்டு ரசாயனச் சோதனை செய்ய ஆரம்பித்தான். லவாய்சியர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் ரசாயன நூல் 1797-ல் அவன் கைக்குக் கிடைத்தது. ஆசிரியர் யாரும் இல்லாமல் தானே படித்தான். காலேஜ் வாசலை அவன் மிதித்ததே இல்லை.

சிரிப்பூட்டும் வாயு

பிரிஸ்டல் நகரில் பெடோஸ் என்ற டாக்டர் ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். வாயுக்களைச் சுவாசிக்கச் செய்து நோயைத் தீர்க்க முடியுமா என்று பார்ப்பது அவருடைய திட்டம். 1798-ல் டேவி அங்கே வேலைக்குப் போனார். அப்போது வயது 19.

வாயுக்களை அவர் சோதித்த விதம் இன்று நினைத்தாலும் பயமாக இருக்கிறது. தாமே மூச்சில் இழுத்துப் பார்ப்பார்! நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயுவை இழுத்தபோது சிரிப்பும் கும்மாளமும் வந்தன. அதுதான் சிரிப்பூட்டும் வாயு. வலியை அது மறக்கச் செய்வதையும் அவர் கவனித்தார். ஆபரேஷனின்போது இது உதவலாம் என்று 1800-ம் ஆண்டில் புத்தகத்தில் எழுதினார். வைத்தியர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1844-ல்தான் அமெரிக்காவில் ஒரு பல் டாக்டர் அதை உபயோகித்தார். இடையில் 40 வருஷத்துக்கு மேல் நோயாளிகள் வலியில் துடித்திருக்கிறார்கள்.

இன்னொரு நாள், கார்பன் மோனாக்ஸைடு கலந்த வாயுவை இழுத்துப் பார்த்தார். அது விஷம். நாடி விழுந்தது. மயிரிழையில் உயிர் தப்பினார். சுரங்கத்தில் வெடி விபத்து நடந்த பிறகு, தீயில் சிக்காதவர்களைக் கூடக் கொல்வது இதே வாயுதான்.

லண்டனில் புகழ்

1801-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே அவர் செய்த பிரசங்கங்களைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. சீமான்களும் சீமாட்டிகளும் கோச்சு வண்டிகளில் வந்து இறங்கினார்கள். வண்டிகள் நெருக்கியடித்ததால் அந்தத் தெருவை ஒருவழிப் பாதை ஆக்கினார்கள். லண்டனில் முதல் ஒருவழிப் பாதை அதுதான் என்பார்கள்.

1807-ம் ஆண்டு அக்டோபர் மாதம். சாம்பலில் இருந்து எடுக்கும் பொட்டாஷ் உப்பை உருக்கி, அதனுள் மின்சாரத்தைப் பாய்ச்சினார். வெள்ளி போல் பளபளக்கும் சிறு சிறு உருண்டைகள் தோன்றித் தீப்பற்றி எரிந்தன. உலகம் அதுவரை பார்த்திராத உலோகம் அது. பொட்டாசியம்! டேவி அறை முழுவதும் துள்ளிக் குதித்து ஆடினாராம். சில நாட்களில் சோடியத்தையும் பிரித்தார். மறு வருஷம் கால்சியம், மக்னீசியம், பேரியம், ஸ்ட்ரான்சியம். குளோரின் ஒரு தனிமம் என்பதை நிலைநாட்டி, அதற்கு அந்தப் பெயரை வைத்தவரும் அவரே.

1812-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. மூன்றாம் நாள், ஜேன் என்ற பணக்கார விதவையைக் கலியாணம் செய்துகொண்டார். தொப்பிக் கடை அம்மாளின் மகனுக்கு இனி என்ன குறை?

அதே வருஷம், அடுத்த மாதம், இங்கிலாந்தின் வடக்கே பூமி வெடித்தது.

92 பேர்

நியூகாசில் நகரத்துக்குப் பக்கத்தில் ஃபெல்லிங் என்ற ஊரில் ஒரு பெரிய நிலக்கரிச் சுரங்கம். 1812-ம் ஆண்டு மே 25-ந் தேதி, முற்பகல் நேரம். உள்ளே மீத்தேன் வாயு தீப்பற்றிக்கொண்டது. குழி வாயில் இருந்து தீயும் கரித்தூளும் சீறிக் கிளம்பின.

92 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சின்னப் பையன்கள். அந்தக் காலத்தில் எட்டு, ஒன்பது வயதுப் பையன்களைக் கூட சுரங்கத்துக்குள் அனுப்பினார்கள். கரி வண்டி வரும்போது கதவைத் திறந்து மூடுவது அவர்கள் வேலை. இருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார்கள்.

உள்ளே நெருப்பு அணையவில்லை. நெருப்பை அணைப்பதற்காகக் குழி வாயை மண்ணால் அடைத்துவிட்டார்கள். பெண்டு பிள்ளைகள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஜூலை மாதம்தான் குழியைத் திறந்து உடல்களை எடுக்க முடிந்தது.

ஜான் ஹாட்ஜ்சன் என்பவர் அந்த ஊர்ப் பாதிரியார். இறந்தவர்களை அடக்கம் செய்து வைத்த கை அவருடையது. அவர் மனம் பொறுக்கவில்லை. இறந்தவர்களின் பெயர், வயது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சிறு நூலாக அச்சிட்டார். சுரங்க விபத்து பற்றிய செய்தி வெளியே வருவதை முதலாளிகள் விரும்பாத காலம் அது. துணிச்சலான காரியம்தான்.

அதற்கு முன்பு சுரங்கத்தில் எப்படித்தான் வெளிச்சம் பார்த்தார்கள்? மெழுகுவர்த்திதான். வாயு அதிகம் என்று பயந்த இடங்களில், சுழலும் இரும்புச் சக்கரத்தில் சிக்கிமுக்கிக் கல்லை உரசி, அந்தப் பொறி வெளிச்சத்தில் வேலை செய்தார்கள். அதுவும் ஆபத்தே. அழுகும் மீன் தோலில் ஒரு மங்கலான மினுக்கம் தெரியும் அல்லவா? அதைக் கூட வெளிச்சத்துக்கு வைத்துப் பார்த்தார்களாம்! சில இடங்களில், ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு ஓர் ஆள் முன்னால் தவழ்ந்து போவான். நீண்ட கம்பின் நுனியில் மெழுகுவர்த்தியைக் கட்டி, கூரைப் பக்கம் நீட்டி வாயுவைக் கொளுத்திவிடுவான். வாயு குறைவாக இருந்தால் அவன் பிழைப்பான்.

1813-ல் சண்டர்லாந்து நகரத்தில், சுரங்க விபத்துகளைத் தடுக்க ஒரு சங்கம் ஏற்பட்டது. அந்த நகரத்து டாக்டர் கிளானி ஒரு பாதுகாப்பு விளக்கு செய்தார். துருத்தியால் காற்று ஊதி, தண்ணீர் வழியாக அந்தக் காற்றைச் செலுத்தும் விளக்கு. வேலை செய்தது. ஆனால் தூக்கிக்கொண்டு தவழ முடியாத பாரம். 1815-ல் சங்கத்தார் டேவியின் உதவியை நாடினார்கள்.

புட்டியில் வந்த எமன்

டேவி அந்த ஆகஸ்டு மாதமே வடக்கே போனார். ஹாட்ஜ்சனைச் சந்தித்தார். சுரங்க இஞ்சினீயர் ஜான் படிலிடம் விவரம் கேட்டார். லண்டன் திரும்பியதும், ஹெப்பர்ன் சுரங்கத்தில் இருந்து வாயுவைப் புட்டிகளில் அடைத்து அவருக்கு அனுப்பி வைத்தார்கள்.

அக்டோபர் மாதம் சோதனை ஆரம்பமாயிற்று. கூட நின்று உதவியவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லனின் மகன். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்ற இளைஞன். டேவிதான் 1813-ல் அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

இந்த வாயு எப்போது வெடிக்கிறது, எப்போது வெடிக்க மறுக்கிறது? டேவி முதலில் கேட்ட கேள்வி இதுதான். விளக்கைப் பற்றி அப்புறம்தான் யோசித்தார்.

ஒரு பங்கு வாயுவுக்கு ஏழு, எட்டுப் பங்கு காற்று சேர்ந்தால் வெடிப்பு மிகக் கடுமையாக இருந்தது. வாயு மிகக் குறைந்தாலும் மிக அதிகமானாலும் வெடிப்பதில்லை. மற்றொன்றையும் கண்டார். தீப்பற்றுவதற்கு இந்த வாயுவுக்கு நிறையச் சூடு வேண்டும். குறுகலான உலோகக் குழாய் வழியாகத் தீ கடந்து போக முயன்றால், நடுவழியிலேயே அணைந்து போகிறது. காரணம், உலோகம் சூட்டைப் பிடுங்கிக்கொள்கிறது.

குழாயைச் சின்னதாக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? கடைசியில் அது வெறும் துவாரம்தான். துவாரங்களை அடுக்கினால்? கம்பி வலை!

எண்ணெய் விளக்கின் சுடரைச் சுற்றி, மெல்லிய கம்பி வலையை உருளை போல் மாட்டினார். ஒரு சதுர அங்குலத்துக்கு 784 கண்கள் உள்ள வலை. காற்று உள்ளே போகும், வாயுவும் போகும். உள்ளே அந்த வாயு தீப்பற்றி எரியவும் செய்யும். ஆனால் தீ வலையைத் தாண்டி வெளியே வராது.

பள்ளிக்கூட விஞ்ஞான அறையில் பிள்ளைகள் இதைப் பார்க்கலாம். எரியும் அடுப்புச் சுடர் மேல் கம்பி வலையைப் பிடித்தால், சுடர் வலைக்குக் கீழேயே நின்றுவிடும். மேலே வராது. வலை நன்றாகப் பழுக்கக் காய்ந்த பிறகுதான் தாண்டும்.

விளக்கு இன்னொரு வேலையும் செய்தது. மீத்தேன் இருந்தால் சுடரின் தலையில் நீல நிறத் தொப்பி போல் ஓர் ஒளி தோன்றும். வாயு கூடக் கூடத் தொப்பி உயரும். பிராணவாயு குறைந்தாலோ சுடர் மங்கி அணையும். பாழுங்கிணற்றில் தூர் வார இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் கிராமங்களில் வழக்கம். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. அதே கணக்குதான். ஆனால் கழிவுநீர்த் தொட்டியில் திறந்த விளக்கை ஒருபோதும் இறக்கக் கூடாது. அங்கே மீத்தேன் சேர்ந்திருக்கும், வெடித்துவிடும். விளக்கை அணைக்காத விஷ வாயுவும் அங்கே உண்டு.

இருட்டில் வந்த சுடர்

1816-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி கம்பி வலை விளக்கை ஹெப்பர்ன் சுரங்கத்தில் சோதித்தார்கள். ஹாட்ஜ்சன் பாதிரியார் விளக்கைக் கையில் ஏந்தி, வாயு நிறைந்த பகுதிக்குள் நடந்து போனார். தூரத்தில் ஒரு தொழிலாளி சக்கரப் பொறி வெளிச்சத்தில் கரி வெட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. சுடர் ஒன்று தன்னை நோக்கி வருவதைக் கண்டு அலறிவிட்டானாம். அணைக்கச் சொல்லிக் கெஞ்சினான், மிரட்டினான். பாதிரியார் அவன் பக்கத்தில் வந்து நின்றார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எதுவும் வெடிக்கவில்லை.

டேவி இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் வருஷத்துக்கு 5 ஆயிரம், 10 ஆயிரம் பவுன் கிடைத்திருக்கும் என்று படில் எடுத்துச் சொன்னார். அன்றைக்கு அது மலைபோன்ற பணம். டேவி மறுத்துவிட்டார். தமக்கு வேண்டிய அளவு இருக்கிறது என்றும், மனிதருக்கு உதவுவதற்காகவே இதைச் செய்ததாகவும் அவர் பதில் சொன்னார். 1817-ல் சுரங்க முதலாளிகள் நியூகாசிலில் விருந்து வைத்து, 2,500 பவுன் பெறுமானமுள்ள வெள்ளிப் பாத்திரங்களை அவருக்குப் பரிசளித்தார்கள். இது விலை அல்ல, மரியாதை. அதனால் பெற்றுக்கொண்டார்.

அழியாத கசப்பு

ஆனால் டேவி தங்கமான மனிதர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது.

கில்லிங்வொர்த் சுரங்கத்தில் எஞ்சின் பார்க்கும் மேஸ்திரியாக ஜார்ஜ் ஸ்டீவன்சன் என்பவர் இருந்தார். வாலிப வயதில்தான் எழுத்துக் கற்றவர். பிற்காலத்தில் ரெயில் வண்டிக்குத் தந்தை என்று பெயர் வாங்கியவர் இவரே. அவரும் 1815-ம் ஆண்டு அக்டோபரில், சிறு துவாரங்கள் வழியாகக் காற்றுப் புகும் விளக்கு ஒன்றைச் செய்து, வாயு கசியும் இடத்துக்குத் தாமே எடுத்துப் போய்ச் சோதித்திருந்தார். உயிரைப் பணயம் வைத்த சோதனை.

படிக்காத ஓர் எஞ்சின்காரர் இதைத் தானாகக் கண்டுபிடித்தார் என்பதை டேவியால் நம்ப முடியவில்லை. தம்முடைய யோசனையைத் திருடிவிட்டதாகவே கடைசி வரை நினைத்தார். ஸ்டீவன்சனின் ஊர்க்காரர்கள் விடவில்லை. நிதி திரட்டி அவருக்கு ஆயிரம் பவுன் வழங்கினார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாகவே கண்டார்கள் என்று பின்னால் வந்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். காலேஜுக்குப் போகாத ஒருவர், இன்னொருவர் படிக்கவில்லை என்பதற்காகச் சந்தேகப்பட்டது விசித்திரம்தான்.

ஃபாரடே விஷயத்திலும் அப்படியே. 1820-ல் டேவி ராயல் சொசைட்டி தலைவர் ஆனார். 1824-ல் ஃபாரடேயை அங்கத்தினராகச் சேர்க்கும் பேச்சு வந்தபோது டேவி அதை எதிர்த்தார். எதிர்ப்பை மீறி ஃபாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஃபாரடேயோ தம் குருவைப் பற்றி மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை.

விளக்கு வந்த பிறகும்

விளக்கு வந்தது; விபத்து ஒழிந்ததா? இல்லை!

1835-ல் பார்லிமெண்டுக் கமிட்டி கணக்குப் பார்த்தது. நார்தம்பர்லாந்து, டர்ஹாம் ஜில்லாக்களில் விளக்கு வருவதற்கு முந்தைய 18 வருஷங்களில் இறந்தவர்கள் 447 பேர். வந்த பிறகு 18 வருஷங்களில் இறந்தவர்கள் 538 பேர்.

ஏன் இப்படி? வாயு நிறைந்தது என்று கைவிட்ட குழிகளை முதலாளிகள் மறுபடி திறந்தார்கள். விளக்குதான் இருக்கிறதே என்று இன்னும் ஆழத்துக்கு ஆட்களை அனுப்பினார்கள். நல்ல காற்றோட்டத்துக்குச் செலவு செய்ய மனம் வரவில்லை. விளக்கிலும் குறை இருந்தது. வேகமான காற்று அடித்தால் சுடர் வலையைத் தாண்டும். வலை கிழிந்தாலும் துருப்பிடித்தாலும் ஆபத்து. காற்று வேகத்தைப் பற்றி டேவியே எச்சரித்து, தகர மறைப்பு வைக்கச் சொல்லியிருந்தார். மேலும், வலைக்குள் இருந்து வந்த வெளிச்சம் மிக மங்கல். வெட்டிய கரிக்குத் தக்க கூலி வாங்கும் தொழிலாளி என்ன செய்வான்? வெளிச்சம் போதவில்லை என்று வலையைக் கழற்றினான். அதனால்தான் பிற்காலத்து விளக்குகளில் பூட்டு வைத்தார்கள். கண்ணாடியும் இரட்டை வலையும் வந்தன. பிறகு தலையில் மாட்டும் மின்சார விளக்கு வந்தது. வாயுவை அறிவதற்கு மட்டும் பழைய சுடர் விளக்கு நெடுங்காலம் கூடவே இருந்தது. அதன் பிறகு கருவிகள் வந்தன.

நம் நாட்டிலும் இதே எமன் உயிர் குடித்திருக்கிறான். 1936-ல் வங்காளத்தில் போய்டி சுரங்கத்தில் 209 பேர். 1958-ல் சினாக்குரியில் 175-க்கும் மேற்பட்டோர். 1965-ல் பொகாரோவுக்குப் பக்கத்தில் தோரி சுரங்கத்தில் 268 பேர். வாயு கொளுத்திப்போட, காற்றில் பறக்கும் கரித்தூசியும் சேர்ந்து எரிந்தால் குழியில் உள்ளவர்கள் தப்புவது அரிது. காற்றோட்டம், கரித்தூசி மேல் கல்தூள் தூவுதல், ஓயாத வாயுச் சோதனை இத்தனையும் விளக்கோடு சேர்ந்துதான் காப்பாற்றும் என்பது இந்த அனுபவங்களில் தெரிந்தது.

கடைசி நாட்கள்

டேவிக்குப் பக்கவாத நோய் கண்டது. 1827-ல் ராயல் சொசைட்டி தலைவர் பதவியை விட்டார். சிறு வயதுப் பழக்கமான தூண்டிலை மறுபடி எடுத்துக்கொண்டு ஐரோப்பா முழுவதும் ஆற்றங்கரைகளில் சுற்றினார். மீன் பிடிப்பது பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். ரோம் நகரத்தில் நோய் முற்றியது. மனைவியும் தம்பி ஜானும் வந்து சேர்ந்தார்கள். இங்கிலாந்து திரும்பும் வழியில், சுவிட்சர்லாந்து நாட்டு ஜினீவா நகரில், 1829-ம் ஆண்டு மே 29-ந் தேதி உயிர் நீத்தார். வயது 50. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

பென்சான்ஸ் கடைத்தெருவில் 1872-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். சிலையின் கையில் சுரங்க விளக்கு இருக்கிறது.

சுரங்க முதலாளிகள் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்களைப் பற்றி டேவி உயிலில் எழுதியிருந்தார். தம்பி காலத்துக்குப் பிறகு அவற்றை உருக்கி, அந்தப் பணத்தில் நல்ல ரசாயனக் கண்டுபிடிப்புக்குப் பதக்கம் வழங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ராயல் சொசைட்டி 1877-ல் முதல் டேவி பதக்கத்தை வழங்கியது. அதைப் பெற்றவர்கள் புன்சன், கிர்ச்சாஃப் என்ற இரண்டு ஜெர்மானியர்கள். சுடரின் நிறத்தைப் பார்த்தே, அதில் என்ன பொருள் எரிகிறது என்று சொல்லும் வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்.